வியாழக்கிழமை எலியும் பவானியின் கீரியும்

உங்கள் சோற்றுப் பானையில் எலி வாய்வைத்தால், அதை விரட்டுவதற்கு யாரிடம் போய் அனுமதி கேட்பீர்கள்?

பவானி கேட்கிறார். வியாழக்கிழமைதோறும் கேட்கிறார். விடிந்ததும் மூங்கில் கூடையைத் திறந்து தரையில் வைத்து, "வாங்க தொர, டவுனுக்குப் போவோம்" என்று கூப்பிடுகிறார். அடுப்படி மூலையில் சாக்குக்குள் சுருண்டு கிடக்கும் கீரி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கிறது. "ரொம்பப் பிகு பண்ணாதீங்க. கப்பல் போயிரும்." கீரி முதுகை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்து, நிதானமாக நடந்து வந்து, கூடைக்குள் இறங்குகிறது. பவானி மூடியைச் சாத்தி, மேலே பழைய துண்டு ஒன்றைக் கட்டி, கூடையை இடுப்பில் ஏற்றிக்கொள்கிறார். மனிதர்களை அவர் இத்தனை மரியாதையாகக் கூப்பிட்டு, ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் டாலாவில் யாரும் கேட்டதில்லை. "தொரைன்னு பேரு வச்சாச்சு, மரியாதை குடுத்துத்தானே ஆகணும்" என்பார். சற்றுப் பொறுத்து, "வெள்ளைக்காரத் தொர மாதிரி இல்ல. இது வேலை செய்யுற தொர" என்று சேர்த்துக்கொள்வார்.

ஐம்பதைத் தாண்டிய பெண். ஒல்லி, நல்ல உயரம். கன்னங்களில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து அப்பியிருக்கும். மேலுக்கு மகன் விட்டுப்போன கட்டம்போட்ட முழுக்கைச் சட்டை. ராணுவத்துக்கு ஆள் பிடிக்கத் தொடங்கியதும் மகன் எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போய்விட்டான். ஏன் போனான் என்று இப்போதெல்லாம் டாலாவில் யாரும் யாரையும் கேட்பதில்லை. எந்த வீட்டில் இளைஞன் இல்லையோ அந்த வீட்டைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். பவானியைப் புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது அவருடைய இடது காதை. எத்தனை முறை கழுவினாலும் அதன் மடிப்பில் மண் ஒட்டியிருக்கும். காலையும் மாலையும் வரப்பில் ஒருக்களித்துப் படுத்து, அந்தக் காதைத் தரையில் வைத்து எலிகளைக் கேட்பது அவர் வழக்கம். "உள்ள குடும்பச் சண்டை நடக்குது. பொம்பளை கை ஓங்கியிருக்கு" என்று எழுந்து சொல்வார். அடுத்த வயல்காரர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். சண்டை எதற்கு என்று அவருக்குத் தெரியும். அவர் விதைத்த உளுந்துக்குத்தான்.

அந்த உளுந்து உங்களுக்கும் அந்நியமில்லை. மழைக்காலத்தில் நெல், நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து. டாலாவுக்குத் தெற்கே, உப்புநீர் ஏறி இறங்கும் கழியின் ஓரத்தில் இருக்கிறது பவானி குத்தகைக்கு எடுத்திருக்கும் நிலம். இங்கே மூட்டை கட்டும் உளுந்தில் பெரும்பகுதி கப்பலேறித் தமிழ்நாட்டுக் கடைகளுக்குப் போகிறது. பவானி சென்னையைப் பார்த்ததில்லை. அவருடைய உளுந்து பார்த்திருக்கிறது. சட்டப்படி மண் அரசாங்கத்துடையது. காகிதப்படி, நகரத்தில் கடை வைத்திருக்கும் ரெங்கசாமியுடையது. பவானியுடையது அதில் விழும் வியர்வை மட்டும். விளைச்சலில் இத்தனை மூட்டை என்று பேசிய பங்கை ரெங்கசாமிக்கு அளந்துவிட வேண்டும். எலி தின்றாலும் பங்கு பங்குதான். அளக்க முடியாவிட்டால் அடுத்த மழைக்கு நிலம் வேறு ஆளுக்கு.

எலிகள் வசிப்பது வரப்பில். கழிநீர் உள்ளே வராமல் தடுக்கும் அதே வரப்பில். அதை வெட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி, வியாழக்கிழமைதோறும் பவானியைப் படகுத்துறைக்கு சைக்காவில், பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் வண்டியில், ஏற்றிப் போகும் சிவராஜ்.

சிவராஜும் ரெங்கசாமியின் குத்தகைக்காரராக இருந்தவர். எலித்தொல்லை பொறுக்காமல் ஒரு வருஷம் நகரத்துக்குப் போய், "வரப்பைக் கொஞ்சம் வெட்டிப் பிடிச்சுக்கவா மொதலாளி?" என்று கேட்டார். ரெங்கசாமி ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஒருபக்கமாகச் சாய்த்தார். நம் ஆட்களுக்கு அந்தச் சாய்ப்பின் அர்த்தம் தெரியாதா? சரி என்றுதானே அர்த்தம்? சிவராஜ் மகிழ்ச்சியாகத் திரும்பி வந்து மண்வெட்டியை எடுத்தார். எலிகள் அகப்பட்டன. வெட்டிய மண்ணை அவர் திரும்ப அணைத்து மிதித்தார். ஆனால் அது இறுகுவதற்குள் பௌர்ணமி வெள்ளம் ஏறி, அந்த இடத்தைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. வயல் முழுக்க உப்புப் பூத்தது. ரெங்கசாமி கேட்டது ஒரே கேள்வி: "நான் எப்பச் சொன்னேன்?" நிலம் போயிற்று. வெட்டிய வரப்பின் அடியில் ஒரு பொந்தில் கண் திறக்காத கீரிக்குட்டிகள் கிடந்தன. தாய் திரும்பி வரவில்லை. ஒன்றே ஒன்று பிழைத்தது, பவானியின் மடிச்சூட்டில். அதுதான் துரை.

மற்றவர்கள் மருந்து வைக்கிறார்கள். கறுப்பு மாவை அரிசியில் பிசைந்து வளைவாயில் வைத்துவிட்டு வருகிறார்கள்; யாரிடமும் கேட்பதில்லை, யாரும் கண்டுகொள்வதுமில்லை. பவானி அதைத் தொட மாட்டார். அவர் நாய் அப்படித்தான் செத்தது என்பது ஒரு காரணம். பெரிய காரணத்தை அவரே சொல்வார். "மருந்து தின்ன எலிக்கு உள்ள எரியும். தண்ணி தேடிப் போவும். வெயில் காலத்துல டாலாவுல தண்ணி எங்க இருக்கு? நாம குடிக்கிற கொளத்துலதான." படிக்காத பேச்சு என்று யாராவது ஒதுக்கிவிடலாம். ஒதுக்குகிறவர்கள் ஒரு கோடைக்காலம் டாலாவுக்கு வந்து, வாளியோடு குளக்கரையில் வரிசையில் நின்று பார்க்கட்டும்.

பவானியின் வழி வேறு. கழித்துப் போட்ட மீன்வலையைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறார். ஒரு வளைக்கு வாசல்கள் பல இருக்கும். காதை வைத்துக் கேட்டு, காலால் தட்டிப் பார்த்து, எல்லா வாசலையும் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வலைத்துண்டைத் தளர்வாக விரித்து, ஓரங்களில் மண்கட்டி வைப்பார். ஒரு வாசலை மட்டும் திறந்து விடுவார். துரையின் மார்பைச் சுற்றி நாடா, நாடாவில் நீளக் கயிறு, கழுத்தில் சின்ன வெண்கல மணி. துரை உள்ளே போவார். மணிச்சத்தம் மண்ணுக்கடியில் தேய்ந்துகொண்டே போகும். அப்புறம் நிலம் அதிரும். எலிகள் வெளியே பாய்ந்து வலையில் சுருண்டு உருளும். வரப்பில் ஒரு கட்டி மண்கூடப் பெயராது. கழிநீர் உள்ளே வராது, குளத்தில் விஷம் கலக்காது. போன வருஷம் சாலையோர மேட்டில் பவானி இதைச் செய்து காட்டியபோது டாலா பாதி கூடி நின்று பார்த்தது. பிடித்த எலியைச் சும்மா விடவில்லை. மஞ்சள் போட்டு வறுத்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார்.

வலை, கீரி, கயிறு, மணி எல்லாம் இருக்கின்றன. இல்லாதது ஒரு சொல். குத்தகை பேசும்போதே ரெங்கசாமி விதித்த நிபந்தனை இது: தன் வாயால் சொல்லாமல் வரப்பில் எதையும் செய்யக்கூடாது. செய்தால் நிலத்தை விட்டுவிட வேண்டும். சொல்லில்லாமல் கீரியை இறக்கினால் நிலம் போகும். இறக்காவிட்டால் எலி தின்று, பங்கு அளக்க முடியாமல் நிலம் போகும்.

ரெங்கசாமி ஏன் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன் என்கிறார்?

அவர் வியாழக்கிழமை பிறந்தவர். அவ்வளவுதான் காரணம்.

பர்மாவில் ஒரு மனிதன் பிறந்த கிழமை அவன் பெயரைவிடக் கெட்டியாக அவனோடு ஒட்டிக்கொள்கிறது. கிழமைக்கு ஒரு மிருகம் உண்டு. திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், ஞாயிறுக்குக் கருடன். வியாழனுக்கு எலி. புத்தர் கோபுரத்தைச் சுற்றி அந்தந்தக் கிழமைக்கு ஒரு மூலை; அந்த மூலையில் அந்த மிருகத்தின் சிலை. பிறந்த கிழமைக்காரர்கள் வந்து குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். நம் ஆட்கள் இதில் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். காலையில் கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு, அதே நெற்றியோடு ரங்கூன் நடுவிலிருக்கும் சூலே கோபுரத்துக்குப் போய்த் தண்ணீர் ஊற்றுகிற தமிழர்களை எண்ணி முடியாது. பயத்துக்கு இரண்டு மதமும் பத்துவதில்லை.

ரெங்கசாமிக்கு ரங்கூனின் கியாக்டடா பகுதியில் பெயின்ட் கடை. கொடியவர் அல்லர். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு மத்தியானம் சோறு போடுகிறார்; கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுக்கிறார். சில வருஷங்களுக்கு முன் மார்பில் வலி வந்து, ரத்தக்குழாய்க்குள் கம்பிச்சுருள் வைத்தார்கள். மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னார். பேதின் சயா என்று இங்கே கூப்பிடுகிற சோதிடர் வேறொன்று சொன்னார்: கிழமை மிருகத்தின் உயிருக்கு உங்கள் வாயால் கேடு வரக்கூடாது. உப்பை அவர் குறைக்கவில்லை. வாயைக் குறைத்துக்கொண்டார். சாவதற்குப் பயப்படுகிற மனிதனைப் பார்த்துக் கோபப்படுவது எளிதல்ல. ஆனால் அவருடைய பயத்துக்குக் குத்தகை கட்டுவது பவானியாக இருக்கும்போது, கோபப்படாமல் இருப்பதும் எளிதல்ல.

காய் பிடிக்கத் தொடங்கிய பின் வந்த ஒரு வியாழக்கிழமை. பவானி படகில் ஆற்றைக் கடந்து, பன்சோடான் துறையில் இறங்கி, பேருந்துகளின் புகையினூடே நடந்து சூலேக்கு வந்தார். செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, கூடையோடு படியேறினார். வியாழன் மூலையில் வழக்கம்போல ரெங்கசாமி நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத லுங்கி, நெற்றியில் திருநீறு. கல் எலியின் முதுகில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"வந்துட்டியா?" என்றார் திரும்பாமலே.

"வந்துட்டேன் அய்யா."

"கூடையில அதுவா?"

"ஆமா. தொர."

"எலி முன்னால கீரியைக் கொண்டாந்து நிக்கிறியே, உனக்கே நல்லாருக்கா?"

"இது கல்லு எலி அய்யா. இதைக் கடிச்சா எங்க தொர பல்லுதான் போவும்."

ரெங்கசாமியின் உதடு கோணியது. சிரிப்பை அவர் விழுங்கிக்கொண்டார். பவானி கூடையைத் தரையில் வைத்து, பக்கத்தில் குந்தினார்.

"காய் பிடிச்சிருச்சு. தெக்குப் பக்கம் பாதி இல்ல. செடி நிக்குது, காய் இல்ல. வளைக்குள்ள இழுத்துட்டுப் போயிருச்சுங்க. உங்க பங்கும் அதுக்குள்ளதான் இருக்கு."

"பங்கு பேசினது பேசினதுதானேம்மா."

"பேசினது பேசினதுதான். அதான், இதையும் பேசிருங்கன்னு கேக்குறேன். சரின்னு ஒரு வார்த்தை."

"அந்த வார்த்தையைத்தான் என்னால சொல்ல முடியாது." ரெங்கசாமி குவளையை மறுபடி நிரப்பினார். "நெஞ்சுல கம்பி வச்சிருக்கு, தெரியுமில்ல? பேதின் சயா என்ன சொன்னாருன்னும் உனக்குத் தெரியும். அது போதாதுன்னு நம்ம பிள்ளையாரு வேற எலிமேலதான் ஏறி உக்காந்திருக்காரு. இந்தப் பக்கமும் எலி, அந்தப் பக்கமும் எலி. நான் என்ன செய்ய?"

"உங்க கடையில பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால பசை அட்டை வச்சிருக்கே அய்யா. போன மாசம் வந்தப்பப் பாத்தேன். ஒரு எலி ஒட்டிக்கிட்டுக் கத்திட்டிருந்துச்சு."

ரெங்கசாமியின் கை நின்றது.

"அது நான் வைக்கலம்மா. கடை ஆளுங்க வைக்கிறாங்க. நான் அந்தப் பக்கமே பாக்குறதில்ல."

"வயல்லயும் நீங்க வைக்கப் போறதில்ல. நான்தான் வைக்கப் போறேன். நீங்க இந்தப் பக்கம் பாக்க வேணாம். சொல்ல மட்டும் சொல்லுங்க."

பக்கத்துச் சனி மூலையில் நாகத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்மணி, மொழி புரியாமலே, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரெங்கசாமி குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கு இதெல்லாம் விளையாட்டா இருக்கு. நீ என்ன கிழமை?"

"தெரியாது."

"தெரியாதா? பர்மாவுல பொறந்துட்டு கிழமை தெரியாதா?"

"எங்கம்மா நடவு வயல்ல நின்னாங்க அய்யா. வலி வந்துச்சு. வரப்புல ஏறிப் பெத்தாங்க. மழை பேஞ்சுதுன்னு சொல்வாங்க. கிழமை யாரு பாத்தா? கூலிக்காரிக்கு எல்லாக் கிழமையும் ஒண்ணுதான்."

"அப்ப நீ எந்த மூலையில ஊத்துவ?"

"எங்கயும் இல்ல." பவானி கூடையின் துண்டைச் சரிசெய்தார். "உங்களுக்கெல்லாம் பொறக்கும்போதே ஒரு மிருகத்தைக் குடுத்துட்டாங்க. எனக்கு யாரும் குடுக்கல. நானா எடுத்து வளத்தது இது ஒண்ணுதான்."

ரெங்கசாமி முதன்முறையாகத் திரும்பி அவரை முழுதாகப் பார்த்தார். எதிரே இருப்பவளுக்குக் கிழமை இல்லை என்பது, சோறில்லை வீடில்லை என்பதைவிடப் பெரிய துயரமாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். முகம் இளகிவிட்டது. நிரம்பிய குவளையை நீட்டினார்.

"இந்தா. என் மூலையிலயே நீயும் ஊத்து. உனக்கும் நல்லது வரும்."

மனதிலிருந்து வந்த இரக்கம் அது, பொய்யில்லை. அதனால்தான் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. குத்தகைக்காரியின் விளைச்சலைக் காக்க ஒரு சொல் கொடுக்க முடியாத மனிதர், தன் புண்ணியத்தில் பாதியை அள்ளிக் கொடுக்கிறார். புண்ணியத்தை எந்தப் படியில் அளந்து பங்கு கொடுப்பது?

பவானி குவளையை இரண்டு கையாலும் வாங்கினார். உள்ளே பார்த்தார். கலங்கல் இல்லாத தண்ணீர், அடி தெரிந்தது. டாலாவில் அந்த வாரம் குளம் வற்றி, லாரித் தண்ணீருக்கு வாளிகள் காத்துக் கிடந்தன. அவர் எலிச் சிலைப் பக்கம் திரும்பவில்லை. குந்தியபடியே துண்டை அவிழ்த்து, மூடியை ஒருபக்கம் தூக்கி, குவளையைக் கூடைக்குள் சாய்த்துப் பிடித்தார். மணி கிணுகிணுத்தது. கீரி நாக்கை நீட்டி நக்கி நக்கிக் குடித்தது. வெயிலில் படகில் வந்த தாகம். ரெங்கசாமி தடுக்கவில்லை; வாய் திறந்தபடி நின்றார். குவளை காலியானதும் பவானி அதைத் தன் சட்டை நுனியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல தண்ணி" என்றார்.

ரெங்கசாமி குவளையை வாங்கினார். ஏதோ சொல்ல வந்தார். பிறகு அவர் தலை மெல்ல ஒருபக்கம் சாய்ந்தது. சிவராஜ் பார்த்த அதே சாய்ப்பு.

"தலையை ஆட்டாதீங்க அய்யா." பவானியின் குரல் உயரவில்லை. "சரின்னு சொல்லுங்க. இல்ல, கூடாதுன்னாவது சொல்லுங்க."

"செய்யாதேன்னு நான் சொல்லலையே."

"செய்யின்னும் சொல்லலையே."

"அடுத்த வாரம் பாப்போம்" என்றார் ரெங்கசாமி. குவளையோடு குழாய்ப் பக்கம் நடந்தார்.

எத்தனை வசதியான கழுத்து! பலன் வந்தால் அது சரி என்றது. கேடு வந்தால் அது கொசுவைத்தான் விரட்டியது. இந்த நகரத்தில் எத்தனையோ பேர் அந்தக் கழுத்தை வைத்துக்கொண்டுதான் நிலம், வீடு, கடை எல்லாவற்றையும் ஆள்கிறார்கள். கீழே இருப்பவர்கள் அந்தச் சாய்ப்பைப் படித்துப் படித்தே கண் கெட்டுப்போகிறார்கள். ரெங்கசாமிக்கு எலி செத்தால் பாவம். செடி செத்தால், அதை வைத்தவள் தெருவுக்கு வந்தால், அது எந்த மூலையில் சேரும்? அதற்கு எந்தக் கிழமையிலும் சிலை வைக்கவில்லை.

டாலா துறையில் சிவராஜ் சைக்காவை வெயிலில் விட்டுவிட்டு நிழலில் நின்றிருந்தார்.

"என்னக்கா, சொன்னாரா?"

"தலையாட்டினாரு."

சிவராஜ் சிரித்தார். நீளமாக, சந்தோஷமே இல்லாமல் சிரித்தார். "அந்தத் தலையாட்டுக்கு நான் குடுத்த வெலைதான் இந்த சைக்கா. ஏறு."

போகும் வழியில், பெடலை மிதித்துக்கொண்டே, எல்லோரும் சொல்லும் யோசனையை அவரும் சொன்னார். "மணியைக் கழட்டிட்டு இறக்கி விடுக்கா. யாருக்குத் தெரியப் போவுது? மத்தவன்லாம் மருந்தைத் திருட்டுத்தனமாத்தான வைக்கிறான்."

"மணி இருந்தாத்தான் தொர உள்ள எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியும்."

"அதுக்குத்தான் உனக்கு மண்ணுக் காது இருக்கே."

பவானி கூடையை மடியில் ஏற்றிக்கொண்டார். பிறகு சொன்னார்: "நான் வெதைச்ச காயை நான் காப்பாத்துறதுக்கு நான் ஏன் திருடியாகணும் சிவராஜு? மணியோடதான் போவும். பகல்லதான் போவும்."

"அப்ப உளுந்து போவும்."

"அதான் போயிட்டிருக்கே" என்றார் பவானி.

சிவராஜின் பழைய வயல் வழியில்தான் வருகிறது. வேறொருவர் நெல் போட்டு, அறுத்து, இப்போது வெறுமையாகக் கிடக்கிறது. வெட்டிய இடத்தில் வரப்பின் நிறம் இன்னும் வேறாகத் தெரிகிறது. அந்த இடத்தைக் கடக்கும்போது சிவராஜ் மட்டும் எதிர்ப்பக்கம் பார்க்கிறார். பவானி பார்க்கிறார், கூடையின் மேல் கையை வைத்துக்கொண்டு.

தெற்குப் பக்கத்துச் செடிகள் தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் நிற்கின்றன. கிட்டே போனால் காம்புகள் மட்டும் இருக்கின்றன, கத்தரிக்கோலால் வெட்டியதுபோல. எலிகள் இப்போது நடுவயலுக்கு வந்துவிட்டன. அங்கே காய்கள் முற்றிக் கறுக்கத் தொடங்கியிருக்கின்றன. இன்னும் சில நாள் வெயில் போதும். பவானி ஒரு காயைப் பறித்து, நகத்தால் கீறி, உள்ளே பார்த்து, உளுந்து மணிகளைச் செடியடியில் போடாமல் வாயில் போட்டுக்கொண்டார். பிறகு வீட்டுக்குப் போகாமல், சாக்கிலிருந்த வலைத்துண்டுகளை எடுத்து உதறினார்.

மாலைவெயிலில் அவர் வேலை செய்வதைப் பார்த்தவர்கள் அன்றைக்கே துரை இறங்கப் போகிறது என்றுதான் நினைத்தார்கள். ஒவ்வொரு வாசலாகத் தட்டிக் கேட்டு வலை விரித்தார். ஓரங்களில் மண்கட்டி வைத்தார். கழியை ஒட்டிய ஒரு வாசலை மட்டும் திறந்து விட்டார். கூடையிலிருந்து துரையை எடுத்து, மார்பு நாடாவைச் சரிபார்த்து, மணியை விரலால் சுண்டிப் பார்த்தார். "இருங்க தொர. அவசரப்படாதீங்க." கீரியின் மூக்கு வளைவாயில் இருந்தது. உடம்பு முழுதும் முறுக்கேறி நடுங்கியது. கயிறு விறைத்தது. அடுத்த வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பவானி வரப்பில் ஒருக்களித்துப் படுத்து, இடது காதை மண்ணில் வைத்தார். உள்ளே உளுந்தங்காய்கள் நொறுங்கும் சத்தம். கயிற்றைத் தன் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினார், இன்னொரு சுற்றுச் சுற்றினார், முஷ்டியை மூடிக்கொண்டார்.

அந்த முஷ்டி இன்னும் திறக்கவில்லை; துரை இன்னும் இறங்கவில்லை. வரும் வியாழக்கிழமையும் ரெங்கசாமி சூலேயில் அதே மூலையில் நிற்பார். ரங்கூன் தமிழர்களே, உங்களுக்கு அவர் புதியவர் அல்லர். திருவிழாவில் முன்வரிசையில் இருப்பவர், கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்து இலையில் சாப்பிடுபவர். உங்கள் நிலத்தையும் யாரோ ஒருவர் உழுதுகொண்டிருந்தால், அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து வருவதற்கு முன் நீங்களே கூப்பிட்டு அந்தச் சொல்லைச் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு சூலேக்குப் போங்கள். வியாழன் மூலையில் ரெங்கசாமியின் பக்கத்தில் நின்று, பவானிக்குச் சரி என்று வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கள். அவர் தலையை ஆட்டினால், அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.